பாபி ஓர்

ராபர்ட் கோர்டன் ஓர் (பிறப்பு: மார்ச் 20, 1948), சுருக்கமாக பாபி ஓர், கனடா நாட்டைச் சேர்ந்த முன்னாள் தொழில்முறை பனி ஹாக்கி வீரர் ஆவார். தற்காப்பு வீரரான இவர், வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில் (என்.எச்.எல்) 1966 முதல் 1976 வரை பாஸ்டன் புரூயின்ஸ் அணிக்காகவும், பின்னர் 1978 வரை சிகாகோ பிளாக் ஹாக்ஸ் அணிக்காகவும் விளையாடினார். பனி ஹாக்கி வரலாற்றின் தலைசிறந்த வீரர்களுள் ஒருவராகவும், தற்காப்பு வீரர்களுள் முதன்மையானவராகவும் பலரால் கருதப்படுகிறார். லீக்கின் மொத்தப் புள்ளிகள் பட்டியலில் ஒரு பருவத்தின் இறுதியில் முதலிடம் பெற்ற ஒரே தற்காப்பு வீரர் இவரே. இச்சாதனையை 1970, 1975 ஆகிய ஆண்டுகளில் இருமுறை நிகழ்த்தினார். முழங்கால் காயங்களின் காரணமாகத் தமது 30ஆம் வயதிலேயே ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற நேர்ந்தது.

ஆட்டத்தில் தற்காப்பு வீரரின் இடம்

பனி ஹாக்கி உறைபனித் தளத்தின் மீது சறுக்குக் காலணிகள் அணிந்து ஆடப்படும் விளையாட்டாகும். வட அமெரிக்காவில் இத்தளம் ஏறத்தாழ 61 மீட்டர் நீளமும் 26 மீட்டர் அகலமும் கொண்டது. பந்துக்குப் பதிலாக, பக் எனப்படும் கெட்டியான ரப்பர் வட்டத்தட்டு பயன்படுத்தப்படுகிறது. இதன் எடை சுமார் 170 கிராம். தலா 20 நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகளாக ஆட்டம் நடைபெறும். ஒவ்வொரு அணியிலும் ஒரே நேரத்தில் அறுவர் களத்தில் இருப்பர். இவர்களுள் ஒருவர் கோல் காப்பாளர், இருவர் தற்காப்பு வீரர்கள், மூவர் முன்கள வீரர்கள்.

கோல் அடித்தவருக்கு ஒரு புள்ளியும், அந்தக் கோலுக்கு வழிவகுத்து தட்டைக் கடத்திக் கொடுத்த வீரர்களுக்கு (அதிகபட்சம் இருவர்) 'உதவி' என்ற பெயரில் தலா ஒரு புள்ளியும் கணக்கிடப்படும். கோல் அடிப்பது முன்கள வீரர்களின் பணி. எதிரணியைத் தடுப்பதும், தட்டைக் கைப்பற்றி முன்கள வீரர்களிடம் சேர்ப்பதும் தற்காப்பு வீரர்களின் பணி. 1960களின் நடுப்பகுதி வரை பெரும்பாலான தற்காப்பு வீரர்கள் தம் அணியின் கோல் பகுதியை விட்டு அதிகம் முன்னேறுவதில்லை. எடி ஷோர், டக் ஹார்வி, ரெட் கெல்லி போன்ற சிலர் தட்டுடன் முன்னேறிச் சென்று ஆடியுள்ளனர் என்றாலும், அது விதிவிலக்காகவே இருந்தது. பாபி ஓரின் வருகைக்குப் பின் இந்நிலை மாறியது.

பிறப்பும் இளமையும்

பாபி ஓர் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், ஜார்ஜியன் விரிகுடாவின் கரையில் அமைந்துள்ள பாரி சவுண்ட் என்னும் சிறு நகரில் பிறந்தார். பெற்றோர் டக் ஓர், ஆர்வா ஓர். இவர்களின் ஐந்து பிள்ளைகளுள் இவர் மூன்றாமவர். இவருடைய தாத்தா அயர்லாந்தின் வடபகுதியிலுள்ள பாலிமினாவிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்தவர், கால்பந்தாட்ட வீரர். தந்தையும் இளமையில் ஹாக்கியில் திறன் பெற்றிருந்தார். இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையில் பணியாற்றிய அவர், பின்னர் பாரி சவுண்ட் அருகிலிருந்த வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை செய்தார். குடும்பம் வசதி குறைந்தது.

குளிர்காலத்தில் உறைந்து கிடக்கும் செகுயின் ஆற்றின் மீதும் விரிகுடாவின் மீதும் ஊர்ச் சிறுவர்கள் ஹாக்கி ஆடுவது வழக்கம். எத்தனை பேர் வேண்டுமானாலும் கலந்துகொள்ளும் இந்த ஆட்டத்தில், நெரிசலுக்கு நடுவே தட்டைப் பிறரிடம் இழக்காமல் வைத்திருப்பவரே அதிக நேரம் ஆட முடியும். தட்டைக் கட்டுப்படுத்தும் திறனைத் தாம் அங்கேயே கற்றதாக இவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். 5ஆம் வயதில் ஒழுங்கமைக்கப்பட்ட சிறுவர் அணியில் சேர்ந்தார்.

உருவில் சிறியவராகவும் மிக வேகமாகச் சறுக்கக் கூடியவராகவும் இருந்த பாபியை முன்கள வீரராக ஆட வைப்பதே இயல்பாக இருந்திருக்கும். ஆனால், இவரைத் தற்காப்பு வீரராக ஆட வைத்தவர் பயிற்சியாளர் பக்கோ மெக்டொனால்டு ஆவார். இவர் தேசிய ஹாக்கி லீக்கில் தற்காப்பு வீரராக ஆடியவர். பின்னர் பாரி சவுண்ட் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். சிறுவனின் தாக்குதல் ஆட்டத்தைத் தடுக்காமல், தற்காப்பு நிலையிலிருந்தபடியே தட்டுடன் முன்னேறிச் செல்ல அவர் அனுமதித்தார்.

பாஸ்டன் அணியுடன் ஒப்பந்தம்

1961இல் ஒன்டாரியோ மாகாணத்தின் கனனோக்வே நகரில் நடைபெற்ற சிறுவர் போட்டிக்கு பாஸ்டன் புரூயின்ஸ் அணியின் நிருவாகிகள் வந்திருந்தனர். அவர்கள் பார்க்க வந்தது வேறு வீரர்களை. ஆனால் எதிரணியில் ஆடிய பாபி அவர்களின் கவனத்தை ஈர்த்தார். அதன் பின்னர் அந்த அணியின் சார்பில் ரென் பிளேர் என்பவர் பாரி சவுண்டுக்குப் பலமுறை சென்று குடும்பத்தினரைச் சந்தித்தார். உள்ளூர்ச் சிறுவர் ஹாக்கிக்குப் புரூயின்ஸ் அணி நிதியுதவியும் அளித்தது.

அக்காலத்தில் தேசிய ஹாக்கி லீக்கில் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் பொது முறை நடைமுறையில் இல்லை. 'சி படிவம்' என்னும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் சிறுவனின் தொழில்முறை ஆட்ட உரிமை முழுவதும் அந்த அணிக்கே உரியதாகிவிடும். அதன் பின் வேறு அணிக்கு ஆடும் விருப்பம் அவனுக்கு இருந்தாலும் பயனில்லை. 1962இல், 14ஆம் வயதில், பாபி ஓர் இப்படிவத்தில் கையெழுத்திட்டார். இதற்கு ஈடாகச் சிறிது பணமும், ஒரு காரும், பெற்றோரின் வீட்டுக்கு வெளிச்சுவர்ப் பூச்சும் பேசிக்கொள்ளப்பட்டன. இந்தச் சி படிவ முறை 1960களின் இறுதியில் கைவிடப்பட்டது.

இளையோர் ஆட்டம்

1962இல் மீண்டும் தொடங்கப்பட்ட ஆஷவா ஜெனரல்ஸ் என்னும் இளையோர் அணியில் பாபி ஓர் சேர்க்கப்பட்டார். இளையோர் ஆட்டத்தில் 20 வயது வரையிலான வீரர்கள் பங்கேற்பர். எனவே 14 வயதுச் சிறுவன் தன்னைவிட ஐந்தாறு ஆண்டுகள் மூத்தவர்களை எதிர்த்து ஆட வேண்டியிருந்தது. முதல் பருவத்தில் இவர் தம் ஊரிலேயே தங்கிப் பள்ளிக்குச் சென்றார். வார இறுதி ஆட்டங்களுக்கு மட்டும் ஆஷவாவுக்கு அழைத்துச் செல்லப்பட்டார். அணியின் பயிற்சியில் பெரும்பாலும் கலந்துகொள்ளவில்லை.

அடுத்த ஆண்டு ஆஷவாவில் வேறொரு குடும்பத்தினருடன் தங்கி ஆடத் தொடங்கினார். 1963–64 பருவத்தில் 29 கோல்களும், 1964–65இல் 34 கோல்களும், 1965–66இல் 47 ஆட்டங்களில் 38 கோல்களும் அடித்தார். தற்காப்பு வீரர் ஒருவர் இத்தனை கோல்கள் அடிப்பது அதற்கு முன் இளையோர் ஆட்டத்தில் கண்டிராதது. 1966இல் ஆஷவா அணி கனடாவின் இளையோர் சாம்பியன் பட்டமான மெமோரியல் கோப்பையின் இறுதிப் போட்டிக்கு முன்னேறியது. இடுப்புப் பகுதியில் காயமுற்றிருந்தபோதும் பாபி ஓர் அதில் ஆடினார். எட்மன்டன் ஆயில் கிங்ஸ் அணி வென்று கோப்பையைக் கைப்பற்றியது.

1966ஆம் ஆண்டு ஒப்பந்தம்

1966இல் 18 வயதான பாபி ஓர் தொழில்முறை ஆட்டத்தில் நுழையும் நிலையை அடைந்தார். அக்காலத்தில் வீரர்கள் அணி உரிமையாளர்களுடன் தனியாகவே பேசிக் கையெழுத்திடுவர். முகவர்களை உரிமையாளர்கள் ஏற்பதில்லை. பாஸ்டன் அணி முதலில் முன்வைத்த தொகையை டக் ஓர் ஏற்கவில்லை. தம் மகனின் சார்பில் பேசும்படி டொராண்டோ வழக்கறிஞர் ஆலன் ஈகிள்சனை அவர் கேட்டுக்கொண்டார்.

1966 செப்டம்பர் மாதத்தில் புரூயின்ஸ் அணியின் பொது மேலாளர் ஹாப் எம்ஸ் என்பவரின் படகில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதுவரை புதுமுக வீரர் எவரும் பெற்றிராத ஊதியம் அதில் வழங்கப்பட்டது. ஒரு வீரரின் ஊதியத்தை முகவர் ஒருவர் பேசித் தீர்மானித்தது ஏனைய வீரர்களிடையே பெரும் தாக்கத்தை ஏற்படுத்தியது. மறு ஆண்டே தேசிய ஹாக்கி லீக் வீரர்கள் சங்கம் உருவாயிற்று. அதன் முதல் நிருவாக இயக்குநராக ஈகிள்சன் பொறுப்பேற்றார்.

பாஸ்டன் புரூயின்ஸ் அணியில் (1966–1976)

தொடக்க ஆண்டுகள்

அப்போது ஆறு அணிகள் மட்டுமே கொண்டிருந்த லீக்கில் பாஸ்டன் அணி மிகவும் பின்தங்கியிருந்தது. 1959க்குப் பின் ஒருமுறைகூட அது இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெறவில்லை. 1966 அக்டோபர் 19 அன்று டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணிக்கு எதிராக பாபி ஓர் தமது முதல் ஆட்டத்தை ஆடினார். மூன்று நாள்கள் கழித்து மாண்ட்ரியால் கனடியன்ஸ் அணிக்கு எதிராகத் தமது முதல் கோலை அடித்தார். அப்பருவத்தில் 13 கோல்களும் 28 உதவிகளும் பெற்று, சிறந்த புதுமுக வீரருக்கான கால்டர் நினைவுக் கோப்பையை வென்றார். எனினும் அணி கடைசி இடத்தையே பெற்றது.

அப்பருவத்தின் சிறந்த தற்காப்பு வீரருக்கான ஜேம்ஸ் நாரிஸ் நினைவுக் கோப்பையை நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணியின் ஹாரி ஹவெல் பெற்றார். இனிமேல் இவ்விருது பாபி ஓருக்கே உரியதாகிவிடும், ஆகவே தாம் இப்போதே பெற்றது நல்லதாயிற்று என்று ஹவெல் கூறியது பரவலாக அறியப்பட்ட செய்தி. அவர் கூறியவாறே, 1968 முதல் 1975 வரை தொடர்ச்சியாக எட்டு ஆண்டுகள் இவ்விருதை பாபி ஓர் பெற்றார்.

1967 மே மாதத்தில் பாஸ்டன் அணி சிகாகோவிலிருந்து பில் எஸ்போசிட்டோ, கென் ஹாட்ஜ், பிரெட் ஸ்டான்ஃபீல்டு ஆகிய மூவரைப் பெற்றது. அதே ஆண்டு லீக் ஆறிலிருந்து பன்னிரண்டு அணிகளாக விரிவடைந்தது. 1967–68 பருவத்தில் முழங்கால் காயத்தால் 46 ஆட்டங்களில் மட்டுமே பாபி ஓர் ஆடினார் எனினும், பாஸ்டன் அணி ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெற்றது. 1968–69இல் 21 கோல்கள் அடித்து, தற்காப்பு வீரர்களுக்கான சாதனையை முறியடித்தார். அதற்கு முந்தைய சாதனை 1944–45இல் பிளாஷ் ஹாலட் அடித்த 20 கோல்களாகும்.

1969–70 பருவமும் ஸ்டான்லி கோப்பையும்

1969–70 பருவத்தில் பாபி ஓர் 33 கோல்களும் 87 உதவிகளுமாக 120 புள்ளிகள் பெற்று லீக்கில் முதலிடம் பிடித்தார். தற்காப்பு வீரர் ஒருவர் 100 புள்ளிகளைக் கடந்ததும், அதிகப் புள்ளிகளுக்கான ஆர்ட் ராஸ் கோப்பையை வென்றதும் இதுவே முதல் முறை. ஓராண்டுக்கு முன் இவரே நிறுவிய 64 புள்ளிகள் என்ற தற்காப்பு வீரர் சாதனையை ஏறத்தாழ இருமடங்காக்கினார். அதே பருவத்தில் மிகச் சிறந்த வீரருக்கான ஹார்ட் கோப்பை, சிறந்த தற்காப்பு வீரருக்கான நாரிஸ் கோப்பை, இறுதிச் சுற்றுகளின் சிறந்த வீரருக்கான கான் ஸ்மைத் கோப்பை ஆகியவற்றையும் பெற்றார். இந்நான்கு விருதுகளையும் ஒரே பருவத்தில் வென்ற வீரர் இவர் ஒருவரே.

இறுதிப் போட்டியில் பாஸ்டன் அணி செயின்ட் லூயிஸ் புளூஸ் அணியைச் சந்தித்தது. முதல் மூன்று ஆட்டங்களையும் பாஸ்டன் வென்றது. 1970 மே 10 அன்று பாஸ்டன் கார்டன் அரங்கில் நடைபெற்ற நான்காவது ஆட்டம் 3–3 எனச் சமநிலையில் முடிய, கூடுதல் நேரம் வழங்கப்பட்டது. அது தொடங்கிய 40ஆவது வினாடியில், டெரெக் சாண்டர்சன் கொடுத்த தட்டைப் பெற்று, கோல் காப்பாளர் கிளென் ஹாலைத் தாண்டி பாபி ஓர் கோலடித்தார். அதே கணத்தில் எதிரணியின் நோயல் பிக்கார்டு காலை இடறிவிட, இவர் இரு கைகளையும் விரித்தபடி காற்றில் கிடைமட்டமாகப் பறந்து வீழ்ந்தார். பாஸ்டன் அணி 1941க்குப் பின் ஸ்டான்லி கோப்பையை வென்றது இதுவே முதல் முறையாகும்.

பாஸ்டன் நாளிதழ் ஒன்றின் ஒளிப்படக் கலைஞரான ரே லூசியர் இக்காட்சியைப் படம் பிடித்தார். பனி ஹாக்கி வரலாற்றில் மிகவும் அறியப்பட்ட ஒளிப்படம் இதுவாகும். இதை அடிப்படையாகக் கொண்ட வெண்கலச் சிலை ஒன்று, அக்கோலின் 40ஆம் ஆண்டு நிறைவான 2010 மே 10 அன்று பாஸ்டன் டிடி கார்டன் அரங்கின் வெளியே திறக்கப்பட்டது.

சாதனைகளின் உச்சம்

1970–71 பருவத்தில் 37 கோல்களும் 102 உதவிகளுமாக 139 புள்ளிகள் பெற்றார். லீக் வரலாற்றில் ஒரே பருவத்தில் 100 உதவிகளை எட்டிய முதல் வீரர் இவரே. 139 புள்ளிகளும் 102 உதவிகளும் தற்காப்பு வீரர்களுக்கான சாதனைகளாக இன்றும் நிலைத்துள்ளன. 1985–86இல் பால் காஃபி 138 புள்ளிகள் பெற்று, ஒரு புள்ளி குறைவில் இச்சாதனையைத் தவறவிட்டார்.

அதே பருவத்தில் இவருடைய 'கூட்டல்-கழித்தல்' மதிப்பு +124 ஆக இருந்தது. ஒரு வீரர் களத்தில் இருக்கும்போது அவருடைய அணி அடித்த கோல்களிலிருந்து எதிரணி அடித்த கோல்களைக் கழித்து இம்மதிப்பு கணக்கிடப்படுகிறது. (ஆட்கள் அதிகமாக இருக்கும் வாய்ப்பைப் பயன்படுத்தி அடிக்கப்படும் கோல்கள் இக்கணக்கில் சேர்வதில்லை.) தாக்குதலில் மட்டும் சிறந்தவர் என்றால் இத்தகைய மதிப்பைப் பெற இயலாது, தம் பகுதியைக் காப்பதிலும் இவர் திறனுடன் இருந்தமைக்கு இதுவே சான்றாகக் காட்டப்படுகிறது. 1976–77இல் லாரி ராபின்சன் பெற்ற +120 இதற்கு அடுத்த நிலையில் உள்ளது.

இத்தனை வலிமையுடன் இருந்தபோதும் 1971இல் பாஸ்டன் அணி, கென் டிரைடன் என்னும் புதிய கோல் காப்பாளருடன் ஆடிய மாண்ட்ரியால் அணியிடம் இறுதிச் சுற்றுகளின் முதல் கட்டத்திலேயே தோற்றது. அவ்வாண்டில் பாபி ஓர் ஆண்டுக்கு 2 இலட்சம் டாலர் வீதம் ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்துகொண்டார். தேசிய ஹாக்கி லீக்கின் முதல் பத்து இலட்சம் டாலர் ஒப்பந்தம் இது.

1972இல் பாஸ்டன் அணி நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணியை ஆறு ஆட்டங்களில் வென்று மீண்டும் ஸ்டான்லி கோப்பையைப் பெற்றது. மே 11 அன்று நடைபெற்ற இறுதி ஆட்டத்தில் வெற்றிக்கான கோலை இம்முறையும் பாபி ஓரே அடித்தார். கான் ஸ்மைத் கோப்பையை இருமுறை வென்ற முதல் வீரர் என்ற சிறப்பும் இவருக்குக் கிட்டியது.

1974இல் பாஸ்டன் அணி இறுதிப் போட்டியில் பிலடெல்பியா ஃபிளையர்ஸ் அணியிடம் தோற்றது. 0–1 எனப் பின்தங்கியிருந்த ஆறாவது ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில், தவறான ஆட்டத்துக்காக நடுவர் இவரைத் தண்டனைப் பெட்டிக்கு அனுப்பினார். சமன் செய்ய வேண்டிய நேரத்தில் அணி தன் சிறந்த வீரரின்றி ஆட நேர்ந்தது. 1974–75 பருவத்தில் 80 ஆட்டங்களிலும் ஆடி, 46 கோல்களுடன் 135 புள்ளிகள் பெற்று இரண்டாம் முறையாக ஆர்ட் ராஸ் கோப்பையை வென்றார். இவர் முழுமையாக ஆடிய கடைசிப் பருவம் அதுவே.

ஆட்ட முறை

பாபி ஓர் இடக்கை ஆட்டக்காரராக இருந்தும், தளத்தின் வலப்புறத் தற்காப்பு வீரராக ஆடினார். தம் அணியின் கோலுக்குப் பின்னால் தட்டைப் பெற்று, எதிரணியினர் பலரைத் தாண்டி எதிர் எல்லை வரை தாமே கொண்டு செல்வது இவருடைய தனி முத்திரை. வேகத்தைச் சட்டென்று கூட்டவும் குறைக்கவும் வல்லவர் என்பதால், இவரைத் தடுக்க வருபவர்கள் இவருடைய வேகத்தைத் தவறாகக் கணித்து ஏமாறுவது வழக்கமாக இருந்தது. தாக்குதல் தோல்வியுற்றாலும், எதிரணி முன்னேறுவதற்குள் தம் இடத்துக்குத் திரும்பிவிடும் வேகம் இருந்ததாலேயே இம்முறை ஆபத்தின்றி அமைந்தது.

தண்டனையால் தம் அணியில் ஆள் குறைவாக இருக்கும் நேரங்களில், தட்டைத் தம்மிடமே வைத்துக்கொண்டு தளத்தைச் சுற்றிச் சறுக்கி நேரத்தைக் கடத்துவார். ஹாக்கி மட்டையில் பிற வீரர்களைப் போல் முழுவதும் ஒட்டுநாடா சுற்றாமல் மிகச் சிறிதளவே பயன்படுத்தியதும், காலுறையின்றி வெறுங்காலில் சறுக்குக் காலணி அணிந்ததும் இவருடைய தனிப் பழக்கங்களாகும்.

முழங்கால் காயங்கள்

முதல் பருவத்திலேயே, 1966 டிசம்பரில், டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில் இவருடைய முழங்காலில் அடிபட்டது. அதன் பின் காயங்களும் அறுவைச் சிகிச்சைகளும் தொடர்ந்தன. தம் வாழ்நாளில் பத்துக்கும் மேற்பட்ட முழங்கால் அறுவைச் சிகிச்சைகளுக்கு இவர் உட்பட்டார். இவற்றுள் பெரும்பாலானவை இடது முழங்காலில் செய்யப்பட்டவை.

அக்கால மருத்துவ முறையும் இதற்கு ஒரு காரணமாகும். சிறு துளை வழியே கருவியைச் செலுத்திச் செய்யப்படும் மூட்டுச் சிகிச்சை 1960களில் பரவலாக இல்லை. மூட்டைத் திறந்து, கிழிந்த குருத்தெலும்பை முழுவதுமாக அகற்றிவிடுவதே வழக்கம். எலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் அக்குருத்தெலும்பு நீங்கியபின், எலும்போடு எலும்பு உராய்ந்து மூட்டு தேயத் தொடங்கும். வேகத்தில் திடீரெனத் திசை மாற்றி ஆடும் இவருடைய ஆட்ட முறை அத்தேய்மானத்தை விரைவுபடுத்தியது. 1972இல் கனடாவுக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் இடையே நடந்த புகழ்பெற்ற எட்டு ஆட்டத் தொடரில், முழங்கால் சிகிச்சையின் காரணமாக இவர் ஆட இயலவில்லை. அணியுடன் பயணம் மட்டும் செய்தார்.

1975–76 பருவத்தில் 10 ஆட்டங்களிலேயே ஆட முடிந்தது. 1975 நவம்பர் 26 அன்று ஆடியதே பாஸ்டன் அணிக்காக இவர் ஆடிய கடைசி ஆட்டம்.

1976 கனடா கோப்பை

1976 செப்டம்பரில் நடைபெற்ற முதலாவது கனடா கோப்பைப் போட்டியில் பாபி ஓர் தம் நாட்டு அணிக்காக ஆடினார். ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பின்னும் முழங்கால் வலியால் அவதியுற்றார். பயிற்சிகளில் பெரும்பாலும் கலந்துகொள்ள இயலவில்லை. இருந்தும் ஏழு ஆட்டங்களில் 2 கோல்களும் 7 உதவிகளும் பெற்றார். கனடா அணி இறுதிப் போட்டியில் செக்கோஸ்லோவாக்கியாவை வென்றது. போட்டியின் மிகச் சிறந்த வீரராக பாபி ஓர் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

சிகாகோ அணியும் ஓய்வும்

1976இல் பாஸ்டன் அணியுடனான ஒப்பந்தம் முடிவடைந்தபோது, பாபி ஓர் சிகாகோ பிளாக் ஹாக்ஸ் அணியில் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்தார். 1976–77இல் 20 ஆட்டங்களில் மட்டுமே ஆடினார். 1977–78 பருவம் முழுவதும் ஆடவில்லை. 1978–79இல் ஆறு ஆட்டங்களில் ஆடிப் பார்த்த பின், இனி ஆட இயலாது என உணர்ந்து 1978 நவம்பர் 8 அன்று ஓய்வை அறிவித்தார். ஆடாமல் ஊதியம் பெறுவது முறையன்று எனக் கருதிய இவர், சிகாகோ அணி கொடுத்த ஊதியக் காசோலைகளைப் பணமாக்கவில்லை எனக் கூறப்படுகிறது.

1979 சனவரி 9 அன்று பாஸ்டன் அணி இவருடைய 4ஆம் எண் சட்டைக்கு ஓய்வளித்தது. வழக்கமான மூன்றாண்டுக் காத்திருப்புக் காலம் தளர்த்தப்பட்டு, அதே ஆண்டில் ஹாக்கி புகழவையில் சேர்க்கப்பட்டார். அப்போது இவருக்கு வயது 31.

ஈகிள்சனுடன் பிணக்கு

18ஆம் வயதிலிருந்து தம் பண விவகாரங்கள் அனைத்தையும் பாபி ஓர் ஆலன் ஈகிள்சனிடமே ஒப்படைத்திருந்தார். அவரைத் தம் உடன்பிறந்தவரைப் போல் நம்பியதாகக் கூறியுள்ளார். ஓய்வுக்குப் பின்னர்தான், கைவசமுள்ள சொத்தை விடக் கடனும் வரிப் பாக்கியும் அதிகமாக இருப்பது இவருக்குத் தெரியவந்தது. 1980இல் இருவருக்குமான தொடர்பு முறிந்தது.

1976இல் பாஸ்டன் அணி இவரைத் தக்கவைத்துக்கொள்ள, அணியின் உரிமையில் 18.5 விழுக்காட்டுப் பங்கை வழங்க முன்வந்திருந்தது என்பதும் பின்னர் தெரியவந்தது. இதைத் தம் முகவர் தமக்குத் தெரிவிக்கவேயில்லை என பாபி ஓர் கூறினார். தாம் விட்டு வர விரும்பாத நகரை விட்டு, தெரியாத உண்மையின் அடிப்படையில் வெளியேறினார் என்பதே இவருடைய மனக்குறையாக இருந்தது.

மாசசூசெட்ஸ் மாநிலச் செய்தியாளர் ரஸ் கான்வே 1991 முதல் எழுதிய தொடர் கட்டுரைகள், வீரர்கள் சங்கத்தின் நிதியை ஈகிள்சன் கையாண்ட முறையை வெளிக்கொணர்ந்தன. அமெரிக்காவிலும் கனடாவிலும் விசாரணைகள் நடைபெற்றன. 1998 சனவரியில் ஈகிள்சன் பாஸ்டனிலும் டொராண்டோவிலும் மோசடிக் குற்றங்களை ஒப்புக்கொண்டார். பாஸ்டன் நீதிமன்றம் அபராதமும், டொராண்டோ நீதிமன்றம் 18 மாதச் சிறைத் தண்டனையும் விதித்தன. அவர் புகழவையில் நீடித்தால் தாங்கள் விலகப்போவதாக பாபி ஓர் உள்ளிட்ட முன்னாள் வீரர்கள் பலர் அறிவித்தனர். இதையடுத்து ஈகிள்சன் புகழவையிலிருந்து விலகினார்.

பிற்கால வாழ்க்கை

ஓய்வுக்குப் பின் பாபி ஓர் பல நிறுவனங்களின் விளம்பரப் பணிகளில் ஈடுபட்டுத் தம் பொருளாதார நிலையை மீட்டெடுத்தார். மதுவுக்கும் போதைப்பொருளுக்கும் அடிமையாகித் துன்புற்ற டெரெக் சாண்டர்சனின் மறுவாழ்வுக்கு இவர் உதவினார். 1970ஆம் ஆண்டுக் கோலுக்குத் தட்டைக் கடத்தித் தந்தவர் இந்தச் சாண்டர்சனே.

1990களில் இவரே வீரர்களுக்கான முகவரானார். தம் முகவரால் ஏமாற்றப்பட்ட ஒருவர் அத்தொழிலையே மேற்கொண்டது குறிப்பிடத்தக்கது. இவருடைய ஓர் ஹாக்கி குழுமம் என்னும் நிறுவனம் கானர் மெக்டேவிட் உள்ளிட்ட பல வீரர்களின் சார்பில் செயல்பட்டது. 2018இல் அந்நிறுவனத்தை வாசர்மன் என்னும் விளையாட்டு முகவர் நிறுவனம் வாங்கியது.

2003இல் பாரி சவுண்டில் இவர் பெயரிலான புகழவை ஒன்று திறக்கப்பட்டது. 2008இல் ஆஷவா ஜெனரல்ஸ் அணி இவருடைய 2ஆம் எண் சட்டைக்கு ஓய்வளித்தது. 2010இல் வான்கூவரில் நடைபெற்ற குளிர்கால ஒலிம்பிக் போட்டியின் தொடக்க விழாவில் ஒலிம்பிக் கொடியை ஏந்திச் சென்றோருள் இவரும் ஒருவர். 2013இல் இவருடைய தன்வரலாற்று நூல் வெளியாயிற்று.

தாக்கம்

பாபி ஓருக்குப் பின் டெனிஸ் பாட்வின், பால் காஃபி, ரே பார்க், பிரையன் லீச் எனத் தாக்குதலிலும் சிறந்த தற்காப்பு வீரர்கள் தோன்றினர். ஒரு பருவத்தில் இவர் அடித்த 46 கோல்கள் என்ற சாதனையை 1985–86இல் காஃபி 48 கோல்கள் அடித்து முறியடித்தார். மொத்தக் கோல்களில் இவர் வைத்திருந்த தற்காப்பு வீரர் சாதனையை அதே பருவத்தில் பாட்வின் கடந்தார். எனினும் தொடர்ந்து ஆறு பருவங்களில் 100 புள்ளிகளுக்கு மேல் பெற்ற தற்காப்பு வீரர் வேறு எவரும் இலர். எட்டு நாரிஸ் கோப்பைகள் என்ற சாதனையையும் எவரும் எட்டவில்லை. டக் ஹார்வியும் நிக்லாஸ் லிட்ஸ்டிரோமும் தலா ஏழு முறை வென்றுள்ளனர்.

இவருடைய காலத்தில் பாஸ்டனிலும் சுற்றுப்புறங்களிலும் சிறுவர் ஹாக்கி பெரும் வளர்ச்சி கண்டது. புதிய பனித்தளங்கள் பல கட்டப்பட்டன. 1997இல் தி ஹாக்கி நியூஸ் இதழ் வெளியிட்ட எக்காலத்துக்குமான சிறந்த வீரர்கள் பட்டியலில், வெய்ன் கிரெட்ஸ்கிக்கு அடுத்து, கார்டி ஹோவுக்கு முன்னதாக, இவர் இரண்டாம் இடம் பெற்றார். அவ்விருவரும் இருபதுக்கும் மேற்பட்ட தொழில்முறைப் பருவங்கள் ஆடியவர்கள். பாபி ஓர் முழுமையாக ஆடிய பருவங்கள் ஒன்பதே.

விருதுகளும் சிறப்புகளும்

- ஸ்டான்லி கோப்பை: 1970, 1972
- கால்டர் நினைவுக் கோப்பை: 1967
- ஜேம்ஸ் நாரிஸ் நினைவுக் கோப்பை: 1968 முதல் 1975 வரை (8 முறை)
- ஹார்ட் நினைவுக் கோப்பை: 1970, 1971, 1972
- ஆர்ட் ராஸ் கோப்பை: 1970, 1975
- கான் ஸ்மைத் கோப்பை: 1970, 1972
- லெஸ்டர் பி. பியர்சன் விருது: 1975
- லூ மார்ஷ் கோப்பை (கனடாவின் சிறந்த விளையாட்டு வீரர்): 1970
- கனடா கோப்பையின் மிகச் சிறந்த வீரர்: 1976
- ஆர்டர் ஆஃப் கனடா (அதிகாரி நிலை): 1979
- ஹாக்கி புகழவை: 1979

புள்ளிவிவரங்கள் (தேசிய ஹாக்கி லீக், வழக்கமான பருவம்)

| பருவம் | அணி | ஆட்டங்கள் | கோல்கள் | உதவிகள் | புள்ளிகள் |
|---|---|---|---|---|---|
| 1966–67 | பாஸ்டன் | 61 | 13 | 28 | 41 |
| 1967–68 | பாஸ்டன் | 46 | 11 | 20 | 31 |
| 1968–69 | பாஸ்டன் | 67 | 21 | 43 | 64 |
| 1969–70 | பாஸ்டன் | 76 | 33 | 87 | 120 |
| 1970–71 | பாஸ்டன் | 78 | 37 | 102 | 139 |
| 1971–72 | பாஸ்டன் | 76 | 37 | 80 | 117 |
| 1972–73 | பாஸ்டன் | 63 | 29 | 72 | 101 |
| 1973–74 | பாஸ்டன் | 74 | 32 | 90 | 122 |
| 1974–75 | பாஸ்டன் | 80 | 46 | 89 | 135 |
| 1975–76 | பாஸ்டன் | 10 | 5 | 13 | 18 |
| 1976–77 | சிகாகோ | 20 | 4 | 19 | 23 |
| 1978–79 | சிகாகோ | 6 | 2 | 2 | 4 |
| மொத்தம் | | 657 | 270 | 645 | 915 |

இறுதிச் சுற்றுகளில் 74 ஆட்டங்களில் ஆடி, 26 கோல்களும் 66 உதவிகளுமாக 92 புள்ளிகள் பெற்றுள்ளார்.